புகைக்கு ஒரு வழி விடுங்கள்

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் வைத்திருந்த குறிப்புகளில் பாதியைத் தீர்த்துவிட்ட மருத்துவர் அவர்களே, வரவேற்புரையில் என்னை வானளாவப் புகழ்ந்த செயலாளர் அவர்களே, மின்விசிறிக் காற்று எட்டாத கடைசி வரிசையிலும் பொறுமையாக அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுக் காற்றைக் கெடுப்பவை மூன்று: அடுப்புப் புகை, சுவர் ஈரம், மணத்துக்காக நாமே தெளிக்கும் ரசாயனம். மூன்றையும் பற்றிப் பேசுவேன்.

'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்.' இதைச் சொல்லாமல் நான் மேடையிலிருந்து இறங்குவதில்லை என்று செயலாளர் கேலி செய்வார், செய்யட்டும். விறகு, கரி, சாணம் எரியும் அடுப்புகளின் புகையால் 2020இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. "எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு" என்று சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. அந்த நீலச் சுடரும் நைட்ரஜன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அது இழுப்பைக் கூட்டும். எண்ணெய் காய்ந்தால் எழும் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களை மூக்கு தடுக்காது. அவை நேரே நுரையீரலின் காற்றுப்பைகள்வரை போகும்.

நண்பர் ஒருவர் புதுவீடு கட்டினார். அடுப்புக்கு மேல் பளபளவென்று புகைபோக்கி. சுவிட்சைத் தட்டினால் விமானம் கிளம்புவது போல ஒரு சத்தம்! விருந்துக்குப் போன எங்களுக்கோ இருமல் நிற்கவில்லை. "புகைதான் போகிறதே" என்றார். "எங்கே போகிறது?" என்று கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மையார் மாமியாரைப் பார்த்தார். ஏணி வந்தது. குழாய் பரணில் போய் முடிந்திருந்தது! விருந்தாளிகளுக்கென்று மடித்து வைத்த போர்வைகள் அத்தனையிலும் எண்ணெய்ப் பிசுக்கு. "இந்தப் போர்வைக்கு ஏன் வறுவல் வாசனை என்று இத்தனை நாளாக யோசித்தேன்" என்றார் மாமியார். குழாயே இல்லாமல், கரி வடிகட்டி வழியாக உள்ளேயே சுற்றிவிடும் கருவிகளும் உண்டு. வாசனை குறையும், சுடரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு குறையாது.

சுவர் இருந்தால்தான் சித்திரம், ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சுவரில் வெளியே திறக்கும் ஒரு துளையும் இருக்க வேண்டும்! புதிதாகக் கட்டும் ஒவ்வொரு சமையலறைக்கும் அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

ஈரச் சுவரில் பூஞ்சை பூக்கும். கசிவை அடைக்காமல் வண்ணம் பூசிப் பயனில்லை. ரசாயனத்துக்கு வருவதற்குள் தலைவர் மணியடித்துவிட்டார். மனுத்தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகு தேநீருக்குப் போங்கள்.