ஒரே ஏர்கன், ஒரே கை, ஐந்து டப்பா பெல்லட்: குறி தவறுவது எதனால்?

(காட்சி: மேசை மேல் இரண்டு குறி அட்டைகள்)

இந்த இரண்டு அட்டைகளையும் நன்றாகப் பாருங்கள். இடது பக்க அட்டையில் ஐந்து ஓட்டைகள் இருக்கின்றன, மேலே ஒரு ரூபாய் காசை வைத்தால் ஐந்தும் மறைந்துவிடுகின்றன. வலது பக்கத்திலும் ஐந்து ஓட்டைகள்தான், ஆனால் அதை மூட என் உள்ளங்கை வேண்டும். இரண்டையும் சுட்டது நான்தான். அதே ஏர்கன், அதே பத்து மீட்டர், அதே தலையணை மேல் அதே முழங்கை, நடுவில் ஒரு டீ குடித்த இடைவெளி மட்டும். மாறியது ஒன்றே ஒன்று: குழலுக்குள் போன பெல்லட், அதாவது ஏர்கனில் போடும் சின்ன ஈயக் குண்டு.

மெரினாவில் பலூன் சுட்டிருப்பீர்கள். பத்து சுட்டு மூன்று உடையும், "துப்பாக்கி வளைஞ்சிருக்குப்பா" என்று சொல்லிவிட்டு சுண்டல் வாங்கப் போய்விடுவோம். குழல் வளைந்திருக்கோ இல்லையோ, உள்ளே போன குண்டு எப்படி இருந்தது என்று நம்மில் யாரும் குனிந்து பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

முதலில் சட்டம், ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, பெல்லட் வெளியே வரும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் இருந்தாலோ உரிமம் வேண்டும். ஆகவே இந்த வீடியோ முழுக்க 4.5 மில்லிமீட்டர், அதாவது அங்குலக் கணக்கில் பாயின்ட் ஒன் செவன் செவன் (.177) பற்றித்தான். இன்னொன்று, காக்கா குருவி என்று எந்த உயிர் மேலும் இதை நீட்டாதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதைவிட முக்கியமாக அது ஒரு உயிர். அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் காட்டுப் பறவைகளைக் காப்பாற்றுவதற்காகவே மக்கள் தங்கள் ஏர்கன்களைத் தாங்களே ஒப்படைக்கும் இயக்கம் ஒன்று தொடங்கியது. அந்த நிலைமைக்கு இந்த அருமையான விளையாட்டைக் கொண்டுபோக வேண்டாம். காகிதத்தைச் சுடுவோம்.

சரி, இப்போது எனக்குப் பிடித்த பகுதி.

(காட்சி: விரல் நுனியில் ஒரு பெல்லட், மிக அருகில்)

இது என்ன மாதிரி இருக்கிறது சொல்லுங்கள். உடுக்கை! தலை ஒரு பக்கம், பின்பாகம் ஒரு பக்கம், நடுவில் ஒடுங்கிய இடுப்பு. வெளிநாட்டில் இந்த வடிவத்துக்கு டயபோலோ என்று பெயர், அது கயிற்றில் சுழற்றி விளையாடும் ஒரு பொம்மையின் பெயர். எனக்கு உடுக்கைதான் பொருத்தமாகத் தெரிகிறது. இப்போது திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் உள்ளே குழிவாக, பாவாடை மாதிரி மெல்லிய விளிம்போடு இருக்கிறது. இந்த விஷயத்தில் உள்ள புத்திசாலித்தனம் எல்லாம் இந்தப் பாவாடையில்தான். விசையை இழுத்ததும் காற்று பின்னாலிருந்து பாய்ந்து குழிக்குள் புகுந்து, அந்த மெல்லிய ஈயத்தை வெளிப்பக்கமாக விரிக்கும். விரிந்த விளிம்பு குழலின் சுவரை ஒட்டிக்கொள்ளும், காற்று கசியாது. குழலுக்குள் திருகாணி போல ஓடும் பள்ளங்கள் இருக்கின்றன அல்லவா, அவை பெல்லட்டைப் பிடித்துச் சுழற்றிவிடும். வெளியே வந்த பிறகு கனம் முன்னால் தலையில், காற்றின் இழுவை பின்னால் பாவாடையில், அதனால் ஷட்டில் காக் எப்படித் தலையை முன்னால் வைத்தே பறக்கிறதோ அப்படியே இதுவும் நேராகப் போகும். அரை கிராம் ஈயத்துக்குள் இவ்வளவு வேலை! இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று நான் ஒரு பெல்லட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது யோசியுங்கள். அந்த விளிம்பு ஒரு இடத்தில் நசுங்கியிருந்தால்? காற்று அந்தப் பக்கமாக முந்திக்கொள்ளும், பெல்லட் வெளியே வரும்போதே தள்ளாடும். டப்பாவைக் கீழே போட்டாலோ, பாக்கெட்டில் சாவியோடு போட்டு வைத்தாலோ விளிம்பு நசுங்கிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு கண்ணாடித் துண்டைச் சற்றே சாய்த்து வைத்து பெல்லட்டை உருட்டுங்கள். வாய் அகன்ற எவர்சில்வர் டம்ளர் தரையில் விழுந்தால் நேராக உருளாமல் வட்டமடிக்குமே, அதுபோல நல்ல பெல்லட் சீரான வளைவில் உருளும். நசுங்கியது தத்தித் தத்திப் போகும். நான் வாங்கிய ஒரு மலிவு டப்பாவில் முதல் இருபதை உருட்டியதில் ஆறு தத்தின, வலது பக்க அட்டை அந்த டப்பாவிலிருந்து வந்ததுதான்.

அடுத்து தலை. தட்டைத் தலை, உருண்டைத் தலை, கூர்த்தலை, குழித்தலை என்று கடையில் நான்கு வகை காட்டுவார்கள். கூர்த்தலையை எடுத்துக் காட்டி "இதுதான் சார் நேரா போகும்" என்பார்கள், பார்க்கவும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தக் கூர் சரியாக மையத்தில் அமைந்திருந்தால்தானே நேராகப் போகும், கொஞ்சம் விலகினாலும் சுழலும்போது ஆட்டம் காட்டும். என் அட்டைகளில் கூர்த்தலை ஒருமுறைகூட முதலிடம் பிடிக்கவில்லை. பத்து மீட்டரில் காகிதம் சுட தட்டைத் தலை வாங்குங்கள், அவ்வளவுதான். பஸ் கண்டக்டர் டிக்கெட்டில் பஞ்ச் அடித்தால் வட்டமாக வெட்டி எடுக்குமே, தட்டைத் தலையும் அப்படித்தான் அட்டையை வெட்டும். உருண்டைத் தலை கிழித்துக்கொண்டு போகும், ஓட்டையின் விளிம்பு எங்கே என்று தெரியாது. இருபத்தைந்து, முப்பது மீட்டருக்கு இடம் இருக்கிறவர்களுக்கு உருண்டைத் தலை நல்லது, தட்டைத் தலை தூரம் போகப் போகத் தடுமாறும்.

ஓட்டையின் விளிம்புக்கு ஏன் இவ்வளவு அக்கறை? ஒலிம்பிக் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில் பத்து மதிப்பெண்ணுக்கான இடம் வெறும் 0.5 மில்லிமீட்டர் பொட்டு. பேனாவால் வைத்த புள்ளி! 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டின் ஓட்டை அந்தப் புள்ளியைத் தொட்டால் பத்து. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசிச் சுடுதலுக்கு முன் பின்லாந்தின் ஹாக்கினனோடு சமமாக நின்று, கடைசியில் 10.8 அடித்துத் தங்கம் வாங்கினார் (இறுதிச் சுற்றில் பத்துக்குள்ளேயும் தசமக் கணக்கு உண்டு). அவர் பயிற்சி செய்தது பெரும்பாலும் வீட்டில் அமைத்த சுடுதளத்தில். கடலூரில் பிறந்த நம் இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக்கில் நின்றதும் இதே புள்ளி முன்னால்தான். இந்த மாதிரி வீரர்கள் ரைஃபிளின் குழலை இறுக்கிப் பொருத்தி, வெவ்வேறு தயாரிப்புத் தொகுதி பெல்லட்டுகளை ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்து, பொருந்திய தொகுதியை ஆயிரக்கணக்கில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனால் தொகுதி வேறு என்றால் பெல்லட்டும் வேறு! அதனால்தான் போட்டி டப்பாக்களின் மேல் தலை அளவை 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை அச்சடிக்கிறார்கள்.

எடைக்கு வருவோம். டப்பாவில் கிரெயின் கணக்கில் இருக்கும், 8.2 கிரெயின் என்றால் 0.53 கிராம். வீட்டு ஸ்பிரிங் ஏர்கனுக்கு, அதாவது உள்ளே ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அழுத்தும் வகைக்கு, ஏழரையிலிருந்து எட்டரை கிரெயினுக்குள் தேடுங்கள். விளம்பரத்தில் "விநாடிக்கு 1000 அடி" என்று பெரிய எழுத்தில் போடுவார்கள், அது மிக லேசான பெல்லட்டைப் போட்டு எடுத்த கணக்காக இருக்கும். 1000 அடி என்றால் ஏறக்குறைய 305 மீட்டர், ஒலியின் வேகம் சுமார் 340. அந்த வேகத்தை நெருங்க நெருங்க உடுக்கை வடிவம் காற்றில் ஆட்டம் காணும். ஒலிம்பிக் ரைஃபிளே விநாடிக்கு 170 மீட்டர் சுற்றித்தான் சுடுகிறது, அட்டையை எட்ட அதற்கு ஒரு விநாடியில் பதினேழில் ஒரு பங்கு போதும். வேகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், தயவு செய்து.

சுடுவதற்கு முன் பெட்டி. இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

(காட்சி: சுவரோரம் மரப்பெட்டி, உள்ளே நாளிதழ் அடுக்கு)

மொட்டை மாடி வேண்டாம். கை தவறினால் பெல்லட் சில நூறு மீட்டர் போகும், அடுத்த தெருவில் யார் துணி உலர்த்துகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்குள் நீளமான ரேழியோ கூடமோ போதும், பின்னால் ஜன்னல் இல்லாத சுவர், இடையில் வந்து சேரும் கதவு எல்லாம் தாழ்ப்பாள். ஒரு மரப்பெட்டியில் பழைய நாளிதழ்களை ஒரு சாண் கனத்துக்கு இறுக்கி அடுக்குங்கள், பெட்டிக்குப் பின்னால் ஒரு இரும்புத் தகடு. ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே இருந்தால் காகிதம் குடைந்துபோகும், ஆகவே வாராவாரம் அடுக்கை மாற்றுங்கள். பத்து மீட்டர் இல்லை, ஐந்துதான் இருக்கிறது என்றால் அட்டையைப் பாதி அளவில் அச்செடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கும். உருண்டை இரும்புக் குண்டு எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், அது சுட்டவரை நோக்கியே திரும்பி வரும், குழலின் பள்ளங்களையும் தேய்த்துவிடும்.

இப்போது சோதனை. நான்கைந்து வகை பெல்லட்டைச் சிறிய அளவில் வாங்குங்கள், நண்பர்களோடு சேர்ந்து டப்பாக்களைப் பங்கு போட்டால் செலவு குறையும். பெல்லட்டை வைக்கும்போது தலை முன்னால், பாவாடை உங்கள் பக்கம், கட்டைவிரலால் விளிம்பு குழலோடு சமமாகும் வரை அழுத்துங்கள். குழலை மடித்து ஏற்றும் ஏர்கன் என்றால் மற்றக் கையால் குழலை விடாமல் பிடித்துக்கொண்டே வையுங்கள், தவறி மூடிக்கொண்டால் விரல் போய்விடும். அழுத்தும்போதே கட்டைவிரல் உங்களுக்குப் பாதி பதில் சொல்லிவிடும்: தானாக உள்ளே விழுந்தால் தளர்வு, நகத்தால் குத்தித் தள்ள வேண்டியிருந்தால் இறுக்கம், மெதுவாக ஒரு பிடிப்போடு போய் உட்கார்ந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

புதுவகை மாற்றியதும் முதல் பத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், முந்தைய ஈயத்தின் பூச்சு குழலில் இருக்கும். அப்புறம் ஐந்து ஐந்தாக மூன்று அட்டை. ஸ்பிரிங் ஏர்கனை இறுக்கிப் பிடிக்காதீர்கள், பெல்லட் வெளியே வருவதற்குள்ளேயே உள்ளிருக்கும் பிஸ்டன் அதைப் பின்னால் ஒருமுறை, முன்னால் ஒருமுறை உதைக்கும். தூங்கும் குழந்தையின் தலையைத் தாங்குவது போல உள்ளங்கையில் படுக்க வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வையுங்கள். ஒன்றுக்கொன்று அதிகத் தூரத்தில் இருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு மில்லிமீட்டரில் அளந்து 4.5 கழித்தால் உங்கள் சிதறல் கணக்கு கிடைக்கும். குறி நடுவில் விழவில்லையே என்று கவலைப்படாதீர்கள், அதைக் குறி பார்க்கும் சைட்டைத் திருகிச் சரி செய்யலாம், சிதறலைத் திருகிச் சரி செய்ய முடியாது. என்னிடம் வென்றது நடுத்தர விலை டப்பா, அதிக விலை டப்பா மூன்றாவதாக வந்தது. உங்கள் குழலுக்கு வேறாக இருக்கும், அதனால்தான் பெயர் சொல்லாமல் சுட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

இரண்டு வேண்டுகோள். பெல்லட் இல்லாமல் வெறுமனே விசையை இழுக்காதீர்கள், காற்றுமெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராக மோதி உடையும். தையல் மெஷின் எண்ணெயைக் காற்று அறைக்குள் விடாதீர்கள், அழுத்தச் சூட்டில் எண்ணெய் தீப்பிடித்து டமாரென்று வெடிக்கும், டீசல் என்ஜின் வேலை செய்வதும் அப்படித்தான். பழுதானது ஏன் என்று தெரியாமல் ரிப்பேருக்கு வரும் ஏர்கன்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

பெல்லட் ஈயம். உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது, இன்றோடு விடுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் முறுக்கில் கை வைக்க வேண்டும். பெட்டியிலிருந்து விழுந்த துண்டுகளை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் வேறு இடம் பாருங்கள். ஏர்கனும் டப்பாவும் பீரோவில், சாவி உங்களிடம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஐந்து ஓட்டை அட்டையைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். தூரம் எத்தனை மீட்டர், பெல்லட் எத்தனை கிரெயின், தலை என்ன வடிவம், இந்த மூன்றையும் அட்டை மேலேயே எழுதிவிடுங்கள். மோசமான அட்டையையும் போடுங்கள், அதிலிருந்துதான் எனக்கு அடுத்த வீடியோ கிடைக்கும்.