அவகாசம் கேட்ட ஊழியர்

(இறையியல் படிப்பை முடித்து ஊழியத்துக்குப் புறப்படும் மாணவர்களுக்கான தியானக் கூடுகையில் ஆற்றிய உரை)

கர்த்தருக்குள் அருமையான தம்பிமாரே, தங்கைமாரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த போதகர்களே, உங்கள் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம்.

ஊழியத்துக்கு ஆயத்தப்படுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பைக் கொடுத்தால் மோசேயின் 40 வருஷ மீதியானில் ஆரம்பிப்பது எங்களைப் போன்றவர்களின் வழக்கம். அதை நீங்கள் எத்தனையோ தரம் கேட்டுவிட்டீர்கள். அதனால் இன்று உங்களை வட ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். இன்றைய அல்ஜீரியாவில் அன்னாபா என்று ஒரு துறைமுகம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதன் பெயர் ஹிப்போ. வருஷம் 391.

பின்னாளில் திருச்சபையின் பெரிய போதகராக அறியப்பட்ட அகஸ்டின் அந்த ஊருக்கு ஒருவரைச் சந்திக்க வருகிறார். மிலானில் சொற்கலைப் பேராசிரியராக இருந்தவர். 387 ஈஸ்டரில் அந்த மிலானின் ஆயர் (பிஷப்) அம்புரோஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றவர். சொந்த ஊரான தகாஸ்தேயில் சில நண்பர்களோடு ஜெபமும் வாசிப்புமாக ஒதுங்கி வாழ்ந்துகொண்டிருக்கிறார். ஆயர் இல்லாத ஊர்ப்பக்கம் அவர் போவதே இல்லை. போனால் பிடித்து ஆயராக்கிவிடுவார்களே என்ற பயம்! ஹிப்போவில் வலேரியுஸ் என்ற வயதான ஆயர் இருந்ததால் தைரியமாக வந்துவிட்டார். ஆராதனையில் வலேரியுஸ், சபைக்கு ஒரு குருவானவர் தேவை என்று பேசுகிறார். கூட்டம் திரும்பிப் பார்க்கிறது. அப்படியே அகஸ்டினைப் பிடித்து முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. அவர் அழுகிறார்.

பின்னாளில் அவருடைய வாழ்க்கையை எழுதிய சீடர் பொசீதியுஸ் ஒரு சுவையான செய்தி சொல்கிறார். அந்த அழுகையைப் பார்த்த சிலர், "பாவம், ஆயர் பதவி கிடைக்கவில்லையே என்று அழுகிறார் போலிருக்கிறது" என்று நினைத்து, குருவானவர் பதவியும் ஆயர் பதவிக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது என்று தேற்றினார்களாம். 1,600 வருஷத்துக்கு முன்னாலும் சபையில் இதே பேச்சுதான் இருந்திருக்கிறது.

ஏன் அழுதார்? அதைப் பிறகு வலேரியுஸுக்கு எழுதிய கடிதத்தில் அவரே விளக்குகிறார். அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. ஒப்புக்குச் செய்தால் இந்த வேலையைவிட எளிதானது உலகத்தில் இல்லை, தேவனுக்கு முன்பாக அதைவிடப் பரிதாபமானதும் இல்லை என்று தொடங்குகிறார். அடுத்து ஒன்று சொல்கிறார். அது நம் விடுதி அறைகளுக்கே எழுதினது மாதிரி இருக்கிறது. கடலில் இறங்கிப் பார்க்காத நான், அதில் கஷ்டப்படுகிற மாலுமிகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன் என்கிறார். சேகரத்துப் போதகர்கள், அதாவது ஒரு வட்டாரத்துச் சபைகளைப் பொறுப்பேற்று நடத்துகிறவர்கள், செய்கிற பிரசங்கத்தையும் நிர்வாகத்தையும் இராத்திரி 11 மணிவரைக்கும் எடைபோட்டவர்கள் இங்கே யாரும் இருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். (சிரிப்பு)

அந்தக் கடிதத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: அவகாசம். ஈஸ்டர் வரைக்கும் கொஞ்ச நாள் கொடுங்கள், வேதத்தோடு இருந்துவிட்டு வருகிறேன் என்றார். இவ்வளவுக்கும் அவர் பல நூல்கள் எழுதியிருந்தவர். தன்னுடைய இரட்சிப்புக்கு வேண்டியது தெரியும், அதைப் பிறருடைய இரட்சிப்புக்காகப் பரிமாறுவது எப்படி என்று தெரியவில்லை என்கிறார். அந்த நாளை எப்படிச் செலவழிக்கப்போகிறார் என்பதையும் சொல்லிவிடுகிறார்: கேட்டும் தேடியும் தட்டியும், அதாவது ஜெபித்தும் வாசித்தும் அழுதும்.

வாசிப்பதில் தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களுக்கு அதுதான் பெரிய கண்ணி. பரீட்சைக்கு வாசித்தீர்கள். இனிமேல் பிரசங்கத்துக்கு வாசிக்கப்போகிறீர்கள். பாடத்தைத் திறந்த உடனே கண் மூன்று தலைப்புகளைத் தேடும். "இது சபையாருக்கு நல்லா இருக்கும்" என்று மனது குறித்துக்கொள்ளும். உங்களோடு பேசவந்த வசனத்தை நீங்கள் அடுத்தவர் பக்கம் திருப்பிவிடுவீர்கள். ஒரு யோசனை சொல்கிறேன். ஏதாவது ஒரு புஸ்தகத்தை, யோபு ஆகட்டும் புலம்பல் ஆகட்டும், தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வருஷத்துக்கு அதிலிருந்து பிரசங்கிப்பதில்லை என்று தீர்மானம் பண்ணுங்கள். தினமும் மெதுவாக வாசியுங்கள். அது உங்களுக்கு மட்டும்.

கற்றுக்கொள்வதற்கு ஒரு தாழ்மை வேண்டும். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது குருப்பட்டம் பெற்று வந்தவர். வந்தவர், திண்ணைப் பள்ளிச் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். அப்படி எழுதின விரல்தான் சில வருஷத்தில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுதியது.

ஜெபத்தைப் பற்றி எத்தனை மணி நேரம் என்று கணக்குச் சொல்ல நான் வரவில்லை. யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது பிதாவின் சத்தம் வந்ததை யோசித்துப் பாருங்கள். "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்." அந்த நேரத்தில் இயேசு ஒரு பிரசங்கமும் பண்ணவில்லை, ஒரு குஷ்டரோகியையும் சுத்தமாக்கவில்லை. ஊழியம் ஆரம்பிக்கும் முன்னே பிரியம் அறிவிக்கப்பட்டாயிற்று. உடனே வனாந்தரத்தில் சோதனைக்காரன் எதைத் தொடுகிறான்? "நீர் தேவனுடைய குமாரனேயானால்." பிதா சொன்ன வார்த்தை உனக்குப் போதுமா, அல்லது கல்லை அப்பமாக்கிக் காட்டித்தான் நிரூபிக்கவேண்டுமா என்பதுதான் அங்கே நடந்த போராட்டம். அந்த வார்த்தை போதும் என்று தனிமையில் கேட்டு அமராதவர், பிறகு அதைச் சபையாரிடம் கேட்பார். சுவரொட்டியில் தன் படம் பெரிதாக இருக்கிறதா என்று பார்ப்பார். யூடியூப்பில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஆராதனை முடிந்த உடனே போனை எடுப்பார். பேராசை பிடித்தவர் என்று அவரைத் திட்டாதீர்கள்; பசித்தவர், அவ்வளவுதான். ஆனால் பசித்த மேய்ப்பன் ஆடுகளுக்கு ஆபத்து. "தம்மோடுகூட இருக்கவும்" என்பதற்குப் பிறகுதான் மாற்கு 3:14-இல் பிரசங்கம்பண்ண அனுப்புவது வருகிறது.

மூன்றாவது அழுகை. உணர்ச்சிவசப்படுவதைச் சொல்லவில்லை, அது நம் கூட்டங்களில் வேண்டிய அளவுக்கு இருக்கிறது. புறப்படுமுன் முடிக்கவேண்டிய கணக்குகள் சில உண்டு. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னார். பேசாமல் இருக்கிற அண்ணன் இருந்தால், திருப்பிக் கொடுக்காத கடன் இருந்தால், சேகரத்துக்குப் போகுமுன் அங்கே போங்கள். யாரிடமும் சொல்லாத ஒரு பாவம் உள்ளே இருந்தால், வாய் காக்கத் தெரிந்த ஒரு மூத்தவரைத் தேடிப்பிடித்துச் சொல்லிவிடுங்கள். அங்கி போட்ட பிறகு சொல்வது பத்து மடங்கு கஷ்டம். சேகரத்துக்குப் போன சில நாளிலேயே உங்களை ஒரு சாவு வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். தன் நிலைமைக்காக ஒருநாளும் தேவசமுகத்தில் அழாதவர் அங்கே வசனம் சொல்லுவார், பாட்டுப் பாடுவார், கிளம்பிவிடுவார். "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்பது அவர் கைக்கு எட்டாது.

ஒரு தம்பி நேற்றே என்னிடம் கேட்டார்: "ஐயா, பவுல் கண் திறந்த உடனே தமஸ்குவில் பிரசங்கித்தாரே, சமாரியப் பெண் குடத்தை வைத்துவிட்டு ஓடினாளே?" நல்ல கேள்வி. சாட்சி சொல்ல அவகாசம் வேண்டாம். கண்டதைச் சொல்ல யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. மேய்க்கிற பொறுப்பு வேறே. அதே பவுல் அரபிக்குப் போனார், தமஸ்குவுக்குத் திரும்பினார், மூன்று வருஷத்துக்குப் பிறகுதான் எருசலேமில் பேதுருவைக் கண்டார், அப்புறம் தர்சுவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே என்ன செய்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வரி கிடையாது. கண்காணியானவன் "நூதன சீஷனாயிருக்கக்கூடாது" என்று தீமோத்தேயுவுக்கு எழுதியதும் அவர்தான். நேற்று மனந்திரும்பிய நடிகரை இன்று கன்வென்ஷன் மேடையில் ஏற்றுகிறோமே, அது அவருக்கு நாம் செய்கிற கொடுமை என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இதைச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. "நீர் அனுப்பச் சித்தமாயிருக்கிற யாரையாகிலும் அனுப்பும்" என்று மோசே நழுவினபோது கர்த்தருக்குக் கோபம் மூண்டது. அகஸ்டின் கேட்ட அவகாசத்துக்கு ஒரு தேதி இருந்தது. ஈஸ்டர் வந்தது, வேலையில் நின்றார்.

இனி முன்வரிசைக்கு ஒரு வார்த்தை. வலேரியுஸுக்குத் தாய்மொழி கிரேக்கம். லத்தீனில் பேச்சு தடுமாறும். ஆயர் இருக்கும்போது குருவானவர் பிரசங்கிப்பது அங்கே வழக்கமில்லை. அவரோ அகஸ்டினைத் தம் முன்பாகவே பிரசங்கிக்க வைத்தார், மற்ற ஆயர்கள் குறை சொன்னதைப் பொருட்படுத்தவில்லை. சகோதரரோடு வாழ ஒரு தோட்டத்தையும் கொடுத்தார். தர்சுவுக்குத் தேடிப்போய்ப் பவுலாகிய சவுலைக் கூட்டிவந்த பர்னபாவும், அந்தியோகியாவில் ஒரு வருஷம் கூடவே இருந்துதான் ஊழியம் செய்தார். ஐயாமாரே, வருகிற பிள்ளைகளுக்கு முதல் மாசமே நான்கு கிளைச்சபைகளையும் பள்ளிக்கூடக் கணக்கையும் கட்டடக் கமிட்டியையும் ஒப்படைத்துவிடாதீர்கள். வாரத்தில் ஒரு காலைப்பொழுதை யாரும் தொடாதபடிக்கு அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். யாராவது ஒருவர் கடிதம் எழுதி அவகாசம் கேட்டால், "படிப்பு முடிந்தது, இன்னும் என்ன?" என்று கேட்காமல், தேதி எது என்று மட்டும் கேளுங்கள்.