ஹார்டியும் மில்லரும்

நேயர்களுக்கு வணக்கம்.

துப்பறியும் தொடர்களில் வரும் கூட்டாளிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். நான் எடுத்துக்கொண்டது 'பிராட்சர்ச்' என்ற பிரிட்டிஷ் தொடர். அதில் வரும் அலெக் ஹார்டி, எல்லி மில்லர் என்ற இரண்டு காவல்துறை அதிகாரிகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொலையாளி யார் என்று சொல்லாமல் இவர்களுடைய உறவைப் பற்றிப் பேசவே முடியாது. தொடரை இனிமேல்தான் பார்க்கப் போகிறேன் என்பவர்கள், பார்த்து முடித்த பிறகு இந்த உரையைக் கேட்பது நல்லது.

கதை நடப்பது இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட்டில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு சின்ன ஊரில். வெஸ்ட் பே என்ற இடத்தில் பெரும்பகுதியைப் படமாக்கினார்கள். அங்கே கடலை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் மஞ்சள் நிறப் பாறையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தப் பாறையின் அடியில், மணலில், டேனி லாட்டிமர் என்ற 11 வயதுப் பையன் இறந்து கிடக்கிறான். 2013 மார்ச்சில் ஐடிவி தொலைக்காட்சியில் தொடங்கிய கதை இது. எழுதியவர் கிறிஸ் சிப்னல். மூன்று சீசன், ஒவ்வொன்றும் எட்டு எபிசோடு. 2017இல் முடிந்தது. ஹார்டியாக டேவிட் டெனன்ட், எல்லியாக ஒலிவியா கோல்மன்.

இவர்களுடைய அறிமுகமே ஒரு மனத்தாங்கலில் தொடங்குகிறது. எல்லி மூன்று வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிறார். இன்ஸ்பெக்டர் பதவி உயர்வு தனக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தவர். வந்து பார்த்தால் அந்த நாற்காலியில் வெளியூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் ஹார்டி. ஸ்காட்லாந்துக்காரர். முந்தைய வழக்கு ஒன்று கோட்டை விடப்பட்டதால் செய்தித்தாள்களில் பெயர் கெட்டவர். இதய நோயை யாருக்கும் சொல்லாமல் மறைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார். எல்லிக்கு அந்தக் கோபத்தைச் சரியாகக் காட்டக்கூட நேரம் கிடைப்பதில்லை. உடனே கடற்கரைக்கு ஓட வேண்டியிருக்கிறது. அங்கே கிடப்பது அவருடைய மகன் டாமின் நெருங்கிய நண்பன். எல்லி அழுதுவிடுகிறார். ஹார்டி அவரிடம், நீ இப்போது வழக்கை விசாரிக்கும் அதிகாரி, அதை மட்டும் நினை என்கிற மாதிரி அடக்கமான குரலில் சொல்கிறார். முதல் தடவை பார்த்தபோது எனக்கு அவர் மேல் எரிச்சலாக இருந்தது. இரண்டாவது தடவை பார்க்கும்போதுதான், அந்த நேரத்தில் எல்லி விழுந்துவிடாமல் இருக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது என்று பட்டது.

துப்பறியும் கதைகளில் கூட்டாளிகள் என்றால் நமக்கு ஒரு பழைய அமைப்பு பழகிப்போயிருக்கிறது. 1887இல் ஹோம்ஸும் வாட்சனும் அறிமுகமான காலத்திலிருந்து வருவது. ஒருவர் அதிபுத்திசாலி, இன்னொருவர் அவரைப் பார்த்து வியப்பவர். வியப்பவர் கேள்வி கேட்பார், புத்திசாலி விளக்குவார், நமக்கும் புரிந்துவிடும். பிராட்சர்ச்சில் அது கிடையாது. இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள், இரண்டு பேருக்குமே தொழில் தெரியும். மனிதர்களைப் பார்க்கும் விதத்தில்தான் வேறுபடுகிறார்கள். சந்தர்ப்பம் அமைந்தால் யாரும் கொலை செய்வார்கள் என்பது ஹார்டியின் எண்ணம். பெரும்பாலானவர்களுக்குள் நல்லது கெட்டது காட்டும் ஒரு திசைகாட்டி இருக்கிறது என்கிறார் எல்லி. திசைகாட்டி உடையும் என்கிறார் ஹார்டி.

ஊரில் எல்லிக்குத் தெரியாதவர்கள் கிடையாது. டேனியின் அம்மா பெத் அவருடைய தோழி. ஹார்டிக்கோ ஒருவரையும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவசரம் இல்லை. எல்லியைப் பார்த்தால் ஜனங்கள் பேசுகிறார்கள். ஹார்டியைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆனால் தெரிந்த முகங்களுக்கு முன்னால் எல்லி சில கேள்விகளைத் தொண்டையிலேயே நிறுத்திவிடுகிறார். ஹார்டிக்கு அந்தத் தயக்கம் இல்லை.

நடுவில் ஒரு விருந்துக் காட்சி வருகிறது. எல்லி அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைக்கிறார். ஹார்டி வைன் பாட்டில், பூங்கொத்து, சாக்லேட் மூன்றையும் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார். விருந்துக்குப் போகிறவர் எதைக் கொண்டுபோக வேண்டும் என்று தெரியாததால் மூன்றையுமே வாங்கிவிட்டார். அந்த மனிதர் எவ்வளவு தனியாக வாழ்கிறார் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதினாலும் இவ்வளவு சொல்லியிருக்க முடியாது. எல்லியின் கணவர் ஜோ அன்பாக உபசரிக்கிறார். ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருந்துவிட்டு, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர் ஜோ. நல்ல கணவர், நல்ல அப்பா என்று ஊரே சொல்லும்.

கொலையாளி அந்த ஜோதான்.

எல்லி நம்பி ஏமாந்தார், ஹார்டி சந்தேகப்பட்டு ஜெயித்தார் என்று பலர் இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யாரையும் நம்பாத ஹார்டியும் அதே மேஜையில், அதே ஜோ எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார். அன்றைக்கு அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நம்பிக்கைக்குத் தெரியாதது சந்தேகத்துக்கும் தெரியவில்லை. இந்தத் தொடரை மற்ற துப்பறியும் கதைகளுக்கு மேலே வைத்துப் பார்க்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அடுத்து, முதல் சீசனின் எட்டாவது எபிசோடு. டேனியின் கைப்பேசி திரும்ப உயிர் பெறுகிறது. அதன் சிக்னலைப் பின்தொடர்ந்து ஹார்டி நடக்கிறார். அது எல்லியின் வீட்டுப் பின்புறத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. ஜோ அங்கே நிற்கிறார். மறைத்து மறைத்து அலுத்துவிட்டது என்கிறார். துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை. சாதாரணத் தொடர் என்றால் கதை இங்கே முடிந்திருக்கும். இங்கேயோ, இந்த எபிசோடின் உச்சம் இனிமேல்தான் வருகிறது. ஹார்டி இதை எல்லியிடம் சொல்லியாக வேண்டும்.

காவல் நிலையத்து விசாரணை அறை. எல்லி எத்தனையோ பேரைக் கேள்வி கேட்ட அறை. கொலை செய்தது வேறொருவர் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார். ஹார்டி அவசரப்படவில்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. இத்தனை நாள் மில்லர், மில்லர் என்று அதட்டிக்கொண்டிருந்தவர், பெயர் சொல்லிக் கூப்பிடும்படி எல்லியே கேட்டும் மறுத்தவர், அந்த அறையில் எல்லி என்று கூப்பிடுகிறார். ஜோவின் பெயரைச் சொன்னதும் எல்லிக்குக் கோபம்கூட உடனே வருவதில்லை. தப்பாகச் சொல்கிறீர்கள் என்று வேலை சம்பந்தமாகத் திருத்துகிற மாதிரிதான் ஆரம்பிக்கிறார். அப்புறம்தான் உடம்பு மடிகிறது. ஒலிவியா கோல்மன் அதில் அழகாக அழுவதற்கு முயலவே இல்லை. டேவிட் டெனன்ட்டைப் பாருங்கள், அவர் செய்வது அதைவிடக் கடினம். ஆறுதல் சொல்லத் தெரியாத ஒரு மனிதர், அங்கிருந்து எழுந்து போகாமல் கூடவே இருக்கிறார். கோல்மனுக்கு இந்த வேடத்துக்காக 2014இல் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி விருது கிடைத்தது. அதில் பாதி எதிரே இருந்தவருக்குச் சேர வேண்டியது என்பேன்.

இதற்குச் சற்று முன்னால் எல்லி, சூசன் ரைட் என்ற பெண்ணை விசாரிக்கிறார். சூசனின் கணவன் சொந்த வீட்டிலேயே பெரும் கொடுமை செய்தவன். உனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று எல்லி அந்தப் பெண்ணை அருவருப்போடு கேட்கிறார். கொஞ்ச நேரத்தில் அதே கேள்வியை, அதே சொற்களில், பெத் எல்லியிடம் கேட்கிறாள். எல்லியிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை அவரிடம் கேட்காத ஒரே ஆள் ஹார்டிதான். கேட்காததற்குக் காரணம் உண்டு. முந்தைய வழக்கில் முக்கியமான சாட்சியப் பொருள் தொலைந்துபோனது அவருடைய மனைவியின் தவறு. மனைவியும் துப்பறியும் அதிகாரிதான். வேறொருவரோடு உறவில் இருந்த நேரத்தில் மனைவியின் காரிலிருந்து அது திருடுபோனது. மகளுக்கு அம்மாவின் மேல் வெறுப்பு வரக் கூடாது என்று பழியை ஹார்டி தன் தலையில் போட்டுக்கொண்டார். கூடவே வாழ்ந்தவரைப் பற்றித் தெரியாமல் இருப்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாவது சீசன் நீதிமன்றத்தில் நடக்கிறது. அது பலருக்குப் பிடிக்கவில்லை. சட்ட நடைமுறை நம்பும்படி இல்லை என்ற விமர்சனத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் இவர்களுடைய கூட்டுக்கு விலை என்ன என்பது அங்கேதான் தெரிகிறது. கைதான அன்று எல்லி ஜோவைப் பார்க்க வேண்டும் என்கிறார், ஹார்டி அனுமதிக்கிறார். எல்லி ஜோவை உதைக்கிறார். அந்த அடியால், ஜோ கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்று நீதிமன்றம் ஒதுக்கிவிடுகிறது. அன்றிரவு எல்லி ஹார்டியின் ஹோட்டல் அறைக்குப் போனதையும் எதிர்த்தரப்பு வக்கீல் தோண்டியெடுக்கிறார். இரண்டு பேருக்கும் தொடர்பு என்று கதை கட்டப்படுகிறது. கடைசியில் ஜோ விடுதலையாகிறார். இரக்கப்பட்டு ஹார்டி செய்த ஒரு காரியம் வழக்கையே கவிழ்க்கிறது. அதற்காக ஒருவரை ஒருவர் குறை சொல்லி விலகிப்போயிருக்கலாம். அவர்களோ, ஹார்டியை வருடக்கணக்காகத் தூங்கவிடாத அந்தப் பழைய வழக்கைச் சேர்ந்து விசாரித்து முடிக்கிறார்கள். எல்லி அப்போது சீருடை போட்ட சாதாரணக் காவலர், மூத்த மகனே அவரோடு பேசுவதில்லை. ஹார்டி இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்திக்கொள்ள வேண்டிய நோயாளி. ஒருவருக்கு வேலை தேவை, இன்னொருவருக்குத் துணை தேவை. வாயைத் திறந்து இதைச் சொல்லிக்கொள்ளாமலே இரண்டும் நடந்துவிடுகின்றன.

மூன்று சீசன்களிலும் இவர்களுக்குள் காதல் வருவதில்லை. வரப்போகிறது என்று ஆசைகாட்டும் காட்சிகூட வைக்கவில்லை. இதை சிப்னலின் மிகச் சரியான முடிவு என்று நினைக்கிறேன். ஆணும் பெண்ணும் சேர்ந்து வேலை செய்தால் கடைசியில் அது அங்கேதான் போய் நிற்கும் என்று தொலைக்காட்சி நம்மைப் பழக்கிவைத்திருக்கிறது. இங்கே அப்படி ஒன்று நடந்திருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் கட்டிய கதை உண்மையாகிவிட்டிருக்கும். மூன்றாவது சீசனின் முடிவில் இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பப்புக்குப் போகலாமா என்று பேச்சு வருகிறது, வேண்டாம் என்று முடிகிறது. நாளைக்குப் பார்ப்போம் என்று வீட்டுக்குப் போகிறார்கள்.

இந்த ஜோடி இல்லாமல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2014இல் அமெரிக்காவில் ஃபாக்ஸ் தொலைக்காட்சிக்காக 'கிரேஸ்பாயின்ட்' என்ற பெயரில் இதையே மறுபடி எடுத்தார்கள். டெனன்ட்டே அமெரிக்க உச்சரிப்பில் நடித்தார். எல்லியாக ஆனா கன். அவரும் தேர்ந்த நடிகைதான். முதல் எபிசோடு அநேகமாக அப்படியே மூலத்தின் நகல். முடிவைக் கொஞ்சம் மாற்றினார்கள். பத்து எபிசோடோடு நின்றுபோயிற்று. டெனன்ட் பாதியைக் கொண்டுபோனார், மறுபாதி டார்செட்டிலேயே இருந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

பார்க்கிறவர்கள் முதல் சீசனோடு நிறுத்திவிடாமல், குறைகளோடு இருந்தாலும் இரண்டாவதையும் பாருங்கள். மூன்றாவது சீசனில் வருவது பாலியல் வன்கொடுமை வழக்கு. அதில் பாதிக்கப்பட்ட பெண்ணிடம் இவர்கள் முதல் முறை பேசும் காட்சியைக் கவனியுங்கள். அங்கே யார் எப்போது பேசுவது, யார் எப்போது மௌனமாக இருப்பது என்பதில் இரண்டு பேருக்கும் ஒரு பார்வைகூடத் தேவைப்படுவதில்லை.

நன்றி, வணக்கம்.