ஒரு சதவீதம் வீண் பிடிவாதம் அல்ல

நடுவர் அவர்களே, பெரிய நாடுகளே கையைச் சுருக்கிக்கொள்ளும் காலத்தில் ஐரோப்பாவின் குட்டி நாடான லக்சம்பர்க், தன் மொத்த தேசிய வருமானத்தில் ஒரு சதவீதத்தை வெளிநாட்டு உதவியாகத் தரும் வாக்குறுதியைக் காப்பது கடமையா, வீண் பிடிவாதமா என்ற இந்த வழக்கில், கடமையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், ஏழு லட்சம் பேர்கூட இல்லாத நாடு கொடுக்கும் பணம் கடலில் கரைத்த பெருங்காயம் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். கணக்கை நான் மறுக்கவில்லை. 2024இல் பணக்கார நாடுகள் வழங்கிய வளர்ச்சி உதவி ஏறத்தாழ 21,000 கோடி டாலர். அதில் லக்சம்பர்க்கின் பங்கு முந்நூறில் ஒன்றைத் தாண்டாது. ஆனால் அந்தப் பெருங்காயத்தை அவர்கள் கடலில் கரைக்கவில்லையே! லாவோஸ், செனகல், கேப் வெர்டி என்று தேர்ந்தெடுத்த சில நாடுகளில்தான் பெரும்பகுதியைச் செலவிடுகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள தீவு நாடான கேப் வெர்டியின் மக்கள்தொகை ஐந்து லட்சம் அளவுதான். அந்தச் சட்டிக்கு இது தாராளமாக மணக்கும்.

அங்கே தொழிற்கல்வி, குடிநீர், புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆகியவற்றுக்கான திட்டத்தை 2021 முதல் 2025 வரை என ஐந்தாண்டுக் கணக்கில் வகுத்தார்கள். பட்டறைக்கு இயந்திரம் வாங்கி, ஆசிரியரை நியமித்து, மாணவரைச் சேர்த்த பிறகு, இடையில் பணம் நின்றால் மிஞ்சுவது பூட்டிய கட்டடம்தான். உதவி பெறும் நாட்டுக்குத் தொகையின் அளவைவிட, அடுத்த ஆண்டும் அது வரும் என்ற உறுதியே முக்கியம். அந்த உறுதிதான் இன்று உலகெங்கும் உடைந்து கிடக்கிறது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1ஆம் தேதியோடு தன் உதவிப் பணியை முடித்துக்கொண்டது. பிரிட்டன் 0.7 சதவீதத்திலிருந்து 2021இல் 0.5 சதவீதத்துக்கு இறங்கியது, 2027இல் 0.3 என்று அறிவித்துவிட்டது.

மொத்த தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் என்பது 1970இல் ஐ.நா. பொதுச்சபை வைத்த இலக்கு. 2024இல் அதைத் தாண்டியவை நார்வே, லக்சம்பர்க், சுவீடன், டென்மார்க் என்ற நான்கே நாடுகள். நால்வரில் ஒருவரையும் எழுந்து போகச் சொல்கிறார் எதிரணி நண்பர்!

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரிட்டன் 2023இல் தன் உதவித் தொகையில் 28 சதவீதத்தைத் தன் மண்ணில் தங்கிய அகதிகளுக்கே செலவிட்டு, அதையும் உதவிக் கணக்கில் எழுதியது. விதி அதை அனுமதிக்கிறது. இருந்தும் லக்சம்பர்க் அந்தச் செலவை உதவியாகக் காட்டுவதில்லை. ஆகவே அவர்களுடைய ஒரு சதவீதம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

பணம் மட்டுமா? 2012இல் தொடங்கிய 'எமர்ஜென்சி டாட் எல்யூ' சேவையைப் பாருங்கள். காற்றடித்தால் பெரிய பந்துபோல் விரியும் ஆண்டெனாவைப் பெட்டியில் மடித்து விமானத்தில் அனுப்புவார்கள்; செயற்கைக்கோள் வழியே மீட்புப் பணியாளர்களுக்கு இணையமும் தொலைபேசியும் கிடைத்துவிடும். 2013இல் ஹையான் புயல் பிலிப்பைன்ஸைப் புரட்டிப்போட்டபோது அந்தச் சேவை அங்கே போய் நின்றது.

பாதுகாப்புச் செலவு ஏறுகிறதே என்பார்கள். உண்மை, நேட்டோ ராணுவக் கூட்டணி பாதுகாப்புச் செலவுக்கு வைத்த 2 சதவீத இலக்கை 2025க்குள் எட்டுவதாக லக்சம்பர்க் அறிவித்தது. ஆனால் அதே அரசு உதவிக்கான ஒரு சதவீதத்தையும் கைவிடவில்லை. இரண்டையும் சுமக்க முடியும் என்று சுமக்கிறவரே சொல்லும்போது, முடியாது என்று அவருக்காக மூச்சு வாங்குவது ஏன் என்பதை எதிரணி நண்பர் எழுந்து விளக்கட்டும்.