ஜே எழுத்துக்கு ஏன் இத்தனை மரியாதை?

நண்பர்களே, வணக்கம்.

முதலில் ஒரு சின்ன வேலை. பையில் இருக்கும் கால்குலேட்டரையும் கைப்பேசியையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கால்குலேட்டரின் மேல் வரிசையில் 7, 8, 9. கைப்பேசியில் எண்ணை அழுத்தும் இடத்தில் மேலே 1, 2, 3. ஒரே பைக்குள் ஒன்றுக்கொன்று தலைகீழ்! தொலைபேசிப் பொத்தான்களை எப்படி அடுக்கலாம் என்று அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகம் ஆட்களை வைத்துச் சோதித்து, 1960இல் கட்டுரையே வெளியிட்டது. அதற்காகக் கால்குலேட்டர் மாறிவிடவில்லை. நமக்கும் அது உறுத்தவில்லை.

சரி, லேப்டாப்புக்கு வருவோம். க்யூ, ஏ, இசட் மூன்றும் நேராக இறங்காமல் சாய்ந்து இறங்குவதைப் பாருங்கள். தட்டச்சுப் பொறியில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு நெம்புகோல் ஓடும். அவை இடித்துக்கொள்ளாமல் இருக்க விசைகளைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். நெம்புகோல் போய்விட்டது, சாய்வு போகவில்லை.

எழுத்துகளின் வரிசையும் அப்படித்தான். குவெர்ட்டி என்னும் இந்த அடுக்கு 1870களில் ஷோல்ஸ், ரெமிங்டன் தட்டச்சுப் பொறிகளோடு பரவியது. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் இ எழுத்து மேல் வரிசையில். எப்போதாவது வரும் ஜே, வலது சுட்டுவிரலுக்கு அடியிலேயே ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. (தட்டச்சு செய்பவரின் வேகத்தைக் குறைக்கவே இப்படிச் செய்தார்கள் என்பார்கள். அதற்கு உறுதியான சான்று கிடையாது.) இதற்கு மாற்றாக ஆகஸ்ட் டிவொராக் என்ற அமெரிக்கர் 1936இல் காப்புரிமை பெற்ற அடுக்கில் உயிரெழுத்துகள் எல்லாம் நடு வரிசையில், இடது கைக்கு.

படிக்கிற காலத்தில் எனக்கும் அந்த அடுக்குக்கு மாறும் ஆசை வந்தது. மூன்று வாரம் இரவில் உட்கார்ந்து டிவொராக் பழகினேன். அப்புறம் செய்முறைத் தேர்வு. ஆய்வகக் கணினியில் குவெர்ட்டிதான். நிரலை நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. விரல்களுக்குப் புதியதும் வரவில்லை, பழையதும் வரவில்லை. அன்று மாலையே பழைய அடுக்குக்குத் திரும்பிவிட்டேன்.

இதைத்தான் பால் டேவிட் என்ற பொருளியலாளர் 1985இல் எழுதினார். எல்லோரும் பழகியிருப்பதால் எல்லாப் பொறியிலும் அது. எல்லாப் பொறியிலும் இருப்பதால் புதிதாக வருபவரும் அதையே பழகுகிறார். 1990இல் லீபோவிட்ஸ், மார்கோலிஸ் என்ற இரு பொருளியலாளர்கள் மறுத்தார்கள்: டிவொராக் அவ்வளவு மேல் என்பதற்கான சோதனைகளே பலவீனமானவை என்றார்கள். நான் பின்னவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்வேன். ஆனால் ஒன்று: புதியது இரண்டு மடங்கு நல்லதாகவே இருந்திருந்தாலும், அந்தத் தேர்வில் நான் கோட்டை விட்டிருப்பேன். முதலில் மாறுகிறவன் செலவு முழுவதையும் தானே சுமக்கிறான். மற்றவர்களும் மாறினால்தான் அவனுக்கு வரவு.

குழுவாகச் செய்யும் புராஜெக்டில் இது தினமும் நடக்கிறது. ஐந்து பேரில் ஒருத்தி நல்ல மென்பொருளில் அழகாக எழுதி அனுப்புவாள். "எனக்குத் திறக்கலையே" என்று ஒரே ஒருவன் சொன்னால் போதும். ஐந்து பேரும் அவனிடம் இருக்கும் பழைய வடிவத்துக்கு இறங்கிவிடுவார்கள். நாளை காலை சமர்ப்பிக்க வேண்டும், யார் சண்டை போடுவது?

கடைசியாக, நம் மொழியிலேயே ஒன்று. தமிழ்99 விசைப்பலகை 1999இல் வந்தது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, அதிகம் வரும் மெய்கள் வலது கைக்கு. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல். புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டினால் ஐந்து. அப்படியும் நம்மில் பலர் தமிழை அந்தக் குவெர்ட்டி வழியாகத்தான் எழுதுகிறோம்.

தமிழ்99 பழகியவர்கள் கை தூக்குங்கள். ஒன்று, இரண்டு... மூன்று பேர். கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். அடுத்தவர் கணினியில் உட்கார நேர்ந்தால் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.