கல்லுக் கட்டடம் எப்படி எரியும்? டெக்சஸ் ஹில்ஸ்பரோ கோர்ட்ஹவுஸ்

வணக்கம் மக்களே! ஸ்கிரீன்ல தெரியுறது ஹில்ஸ்பரோ. அமெரிக்காவுல டெக்சஸ் மாநிலத்துல, ஹில் கவுன்டியோட தலைமை ஊர். கவுன்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி. தெற்கேயிருந்து வர்ற ஐ-35 ரோடு இங்கதான் ரெண்டாப் பிரிஞ்சு, ஒண்ணு டாலஸுக்கும் இன்னொண்ணு ஃபோர்ட் வொர்த்துக்கும் போகுது. ஊர் நடுச் சதுக்கத்துல மணிக்கூண்டோட நிக்குதே, அதுதான் கோர்ட்ஹவுஸ்.

பேரை வெச்சு வெறும் நீதிமன்றம்னு நினைச்சுடாதீங்க. சார்பதிவாளர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ், கோர்ட்டு மூணையும் ஒரே கூரைக்கடியில போட்ட மாதிரி. 'கவுன்டி ஜட்ஜ்'னு ஒருத்தர் இருப்பார், அவருக்கு முக்கிய வேலையே நாலு கமிஷனர்களோட உக்காந்து பட்ஜெட்டும் ரோடும் பாக்குறதுதான்!

டெக்சஸ்ல மொத்தம் 254 கவுன்டி. கோர்ட்ஹவுஸ் கட்டுறதுக்குக் கடன் பத்திரம் வெளியிடலாம்னு 1881-ல சட்டம் வந்துச்சு. அதுக்கப்புறம் ஊருக்கு ஊர் போட்டி போட்டுக் கட்டினாங்க. ஹில்ஸ்பரோ கட்டடம் 1890. வரைஞ்சவர் வேகோ ஊர்க்காரர் டபிள்யூ. சி. டாட்சன். கிரான்பரி, வெதர்ஃபோர்டு கோர்ட்ஹவுஸும் இவர் கைவண்ணம்தான். ஒண்ணைப் பாத்தா மத்ததை அடையாளம் கண்டுபிடிச்சுடலாம்: வெளிர் சுண்ணாம்புக்கல் சுவர், உச்சியில ஜம்முனு ஒரு மணிக்கூண்டு.

1993 ஜனவரி 1. புத்தாண்டு லீவு. மின்கோளாறால தீப்பிடிச்சு, மணிக்கூண்டு சரிஞ்சு உள்ளே விழுந்துடுச்சு.

கல்லு எரியாதே, அப்புறம் எப்படி? அந்தக் காலத்துக் கட்டடங்கள்ல கல்லுங்கிறது வெளிச்சுவர் மட்டும்தான். உத்தரம், தளம், கூரைச் சட்டம் எல்லாம் நூறு வருஷம் காய்ஞ்ச மரம். கரண்டு வராத காலத்துல கட்டின கட்டடத்துக்குள்ள பின்னாடி கொஞ்சம் கொஞ்சமா ஒயர் இழுத்திருப்பாங்க. கூரைக்கடியில தடுப்பே இல்லாத வெத்திடம், அதுக்கு மேல கூண்டு. தீ அங்க போயிட்டா கூண்டே புகைபோக்கி மாதிரி காத்தை இழுக்கும். கீழேயிருந்து தண்ணி அடிச்சா எட்டாது.

இடிச்சுட்டுப் புதுசா கட்டாம, பழைய உருவத்துக்கே கொண்டுவந்தாங்க. பாடகர் வில்லி நெல்சன் இதே கவுன்டியில ஆபட்ங்கிற சின்ன ஊர்ல பிறந்தவர். கச்சேரி நடத்தி நிதி சேத்துக் கொடுத்தார். 1999-ல கட்டடம் மறுபடி திறந்துச்சு.

அந்த ஒரு தீ மாநிலத்தையே உலுக்கிடுச்சு. 1998-ல டெக்சஸ் கோர்ட்ஹவுஸ்கள் அழியுற அபாயத்துல இருக்குற வரலாற்று இடங்களோட தேசியப் பட்டியல்ல ஏறிச்சு. 1999-ல சட்டமன்றம் 5 கோடி டாலரோட ஒரு சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்குச்சு. பணம் சும்மா கிடைக்காது. முதல்ல முழுத் திட்ட அறிக்கை, கவுன்டி பங்கா குறைஞ்சது 15 சதவீதம், அப்புறம் இஷ்டத்துக்கு மாத்த மாட்டோம்னு எழுதிக் கொடுக்கணும்.

தீயை விட அதிகக் கட்டடத்தைக் கெடுக்குறது, என்னைக் கேட்டா, சிமெண்ட்தான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்குற பழைய இணைப்பு சுண்ணாம்புக் காரை. மெத்துனு இருக்கும், ஈரத்தை வெளியே விடும். அது உதிர்ந்த இடத்துல சிமெண்ட் பூசினா ஈரம் கல்லு வழியா வெளியேறப் பாக்கும், கல்லோட முகம் செதில் செதிலா உரிஞ்சுடும். இணைப்பு தேயலாம், கல்லு தேயக் கூடாது.

உதிர்ந்த இணைப்பைப் புதுப்பிக்கச் சரியான முறை: இணைப்போட அகலத்தைப் போல ரெண்டு, ரெண்டரை மடங்கு ஆழத்துக்குப் பழசைக் கையால சுரண்டணும். மெஷின் வெச்சா கல்லோட விளிம்பு போயிடும். தண்ணி தெளிச்சு, புதுச் சுண்ணாம்புக் காரையைக் கால் இஞ்சு கால் இஞ்சா அடுக்கி அமுக்கணும். ஒரு அடுக்கு, கட்டை விரலால அழுத்தினா தடம் மட்டும் விழுற பக்குவத்துக்கு இறுகினப்புறம்தான் அடுத்தது. வெயில்ல காயவே விடாதீங்க, ஈரச் சாக்கு தொங்கவிடுங்க. சீக்கிரம் காய்ஞ்சா இறுகாது, பொடிப்பொடியா கொட்டும்.