உங்கள் ஜீப் தண்ணீர் குடிக்கிறதா? ஓடையைக் கடப்பவர்கள் பார்க்க மறக்கும் ஒரு சிறிய குழாய்

[காட்சி: சக்கரம் பாதி மூழ்க ஓடையைக் கடக்கும் ஜீப். அடுத்து, பட்டறையில் அதே ஜீப்பின் அடிப்பகுதி.]

ஓடையை எவ்வளவு கம்பீரமாகக் கடந்தது பார்த்தீர்களா? இப்போது பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலில், ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றுகிறார்கள். வடிவது கியர் ஆயில்தான் என்றால் நம்புவீர்களா? பால் கலந்த டீயைப் போல இருக்கிறது! இத்தனைக்கும் எஞ்சினுக்குள் ஒரு சொட்டு நீர்கூடப் போகவில்லை. பிறகு இது எங்கிருந்து வந்தது?

விடைக்கு முன் வரலாறு, ஒரே மூச்சில். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லீஸ், பிறகு நம் நாட்டில் மஹிந்திரா, 1985இல் மாருதி ஜிப்சி, 2010இல் மஹிந்திராவின் ‘தார்’ ஜீப். முடிந்தது. விரிவாக வேண்டுமென்றால் கீழே கேளுங்கள், தனி வீடியோ போடலாம். எனக்கு இன்று டிஃபரன்ஷியலை விட்டு நகர மனமில்லை.

நம் மெக்கானிக்குகள் கிரவுன் என்று சொல்லும் அந்த டிஃபரன்ஷியல், ஆக்சிலில் இருந்து இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரங்கள் அடங்கிய ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே கொஞ்சம் ஆயில், மீதி காற்று. மலைப்பாதையில் ஏறும்போது பற்சக்கரங்கள் உரசிச் சூடேறும், காற்று விரியும். அதற்கு வழி விடாவிட்டால், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் வழியாக ஆயிலை வெளியே தள்ளிவிடும். அதனால்தான் பெட்டியின் மேல் பிரீதர் என்று ஒரு சிறிய மூச்சுத் துளை வைத்திருக்கிறார்கள்.

தார்ச்சாலையில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் கொதிக்கும் பெட்டியோடு குளிர்ந்த ஓடையில் இறங்கினால்? உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்குகிறது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம், ஓடிவிடாதீர்கள். 90 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு இறங்கும் காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கும். பெட்டிக்குள் ஒரு லிட்டர் காற்று இருந்தால், 160 மில்லிக்கு மேல் வெளியிலிருந்து உறிஞ்ச இடம் உண்டு. பிரீதர் நீருக்குள் இருந்தால் எதை உறிஞ்சும்? ஓடையைத்தான்! பிரீதரைச் சேறு அடைத்திருந்தால் இன்னும் மோசம். அப்போது அந்த ஆயில் சீல் வழியாகவே நீரை இழுக்கும். அந்த சீல் உள்ளே இருக்கும் ஆயிலைக் காப்பதற்காக வைத்தது, வெளியிலிருந்து வரும் நீரைத் தடுப்பதற்காக அல்ல. ஒரு வாகனத்தில் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இதுதான். வீட்டில் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் அசரவில்லை. நீங்களாவது லைக் போடுங்கள்.

தீர்வு மலிவானது. பிரீதரில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, நீர் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய், வாயைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டினால் போதும். சில வண்டிகளில் நிறுவனமே இப்படிச் செய்து தருகிறது. கூரையில் எல்.ஈ.டி. விளக்கு வரிசைக்குக் கொட்டும் பணத்தில் ஊரில் உள்ள எல்லா ஜீப்புக்கும் இதை மாட்டிவிடலாம் என்பது என் கட்சி. திட்டுபவர்கள் கருத்துப் பெட்டியில் திட்டலாம்.

ஓடைக்கு முன் சற்று நின்று வண்டியை ஆறவிடுங்கள். கடந்தபின் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் அது காயும். சந்தேகம் இருந்தால் இரவு முழுக்க வண்டியை நிறுத்திவைத்து, காலையில் டிரெய்ன் போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். நீர் கனமானது, அடியில் தங்கியிருந்தால் முதலில் அதுதான் வரும். ஆயில் வெளுத்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். அதோடு ஓட்டினால் பேரிங் துருப்பிடிக்கும். 2020இல் வந்த தாருக்கு 650 மில்லிமீட்டர் ஆழம் வரை போகலாம் என்று நிறுவனம் சொல்கிறது. அதை நம்பி ஓடும் வெள்ளத்தில் இறங்காதீர்கள்.

மணலா? டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறையுங்கள்; டயர் தரையில் நீளமாகப் படிந்து புதையாமல் போகும். திரும்பத் தார்ச்சாலை ஏறுமுன் காற்றடிக்க பம்ப் மறக்க வேண்டாம்.

வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றி ஒரே வரி: பதிவுச் சான்றிதழில் உள்ள அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சரி, வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். உங்கள் பிரீதர் எந்த உயரத்தில் முடிகிறது? வண்டியின் பெயரோடு கீழே எழுதுங்கள். மிகத் தாழ்வான பிரீதர் யாருடையது என்று அடுத்த வீடியோவில் அறிவிக்கிறேன்.